பழைய சத்தத்தோட வந்தா ஏறுறேன்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க சார். மிதிச்சா இதுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க வேட்டியிலதான் மண்ணெண்ணெய் படும். சாக்குல இருக்கறது என்ஜின் ஹெட். கார் என்ஜினோட மேல் பாதி. இதுக்கு லக்கேஜ் போடணும்னான் கண்டக்டர். மடியில வெச்சுக்கிட்டா போடமாட்டியான்னு கேட்டேன். வெச்சுக் காட்டுங்கன்னான். வெச்சேன். ரெண்டு ஸ்டாப்பு தாங்கலை, தொடை மரத்துப்போச்சு. கீழ இறக்கினேன், உடனே வந்து டிக்கெட்டைக் கிழிச்சுட்டான். இறக்குவேன்னு காத்துக்கிட்டே நின்னிருக்கான் சார்!

நீங்க திண்டுக்கல் வரைக்குமா? நல்லதாப் போச்சு. இன்னைக்கு இருக்கற கோபத்துக்கு யார்கிட்டயாவது பேசலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்.

ஒண்ணு கேக்குறேன். பதினாலு வருஷமா உங்களை மாமா மாமான்னு கூப்பிட்ட ஒருத்தன், திடீர்னு ஒரு நாள் காலையில ‘வாங்க சார், என்ன வேலை சார்’னு கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் உங்களைச் சார்ங்கறேனே, அது வேற. உங்களை எனக்குத் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரியும். என் பொண்ணு காதுகுத்துக்கு வந்து பந்தி பரிமாறினவன். அவன் என்னைச் சார்ங்கறான். அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன்.

என் பேரு வெயிலுகந்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கார் ஸ்டாண்டுல வண்டி போட்டிருக்கேன். பழைய வேன் மாதிரி வண்டி, கேஸ்ல ஓடறது. அவன் பேரு மதலைமுத்து. மெக்கானிக். ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல ஷெட்டு வெச்சிருந்தான். இப்ப நத்தத்துல யாரோ ஒருத்தரோட மோட்டார் காயில் கட்டுற கடையில, ஓரமா ஒரு பெஞ்சு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். எதுக்கு ஊரை விட்டுப் போனான்னு கேக்குறீங்களா? சொல்றேன். வரிசையாச் சொன்னாத்தான் நியாயம் யார் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் மாசியில வண்டியை கேஸுக்கு மாத்தினேன். மாத்தின கையோட மதலைமுத்து டாப்பெட்டைச் சரி பண்ணிக் கொடுத்தான். அன்னையிலருந்து சத்தம். டிக்டிக்டிக்டிக்னு. நின்னா டிக்டிக், ஓடினா டிக்டிக். சிக்னல்ல நின்னா பக்கத்து ஸ்கூட்டர்காரன் திரும்பிப் பாக்குறான். பொண்ணு பாக்கப் போன ஒரு குடும்பத்தை ஏத்திட்டுப் போனேன். மாப்பிள்ளையோட அம்மா கேக்குறாங்க, “ஏம்ப்பா, டிக்கியில யாராச்சும் டைப் அடிக்கிறாங்களா?”ன்னு. ஸ்டாண்டுல சின்னழகுன்னு ஒருத்தன் இருக்கான், வாயை மூடவே மாட்டான். என் வண்டி வந்து நின்னாப் போதும், சட்டையைக் கழட்டி நீட்டுவான். “தையல் மிஷின் வந்துடுச்சு, ரெண்டு பட்டன் வெச்சுக் கொடுங்கண்ணே.” எல்லாரும் சிரிப்பானுக. தினமும் சார். தினமும் இதே பேச்சு, தினமும் இதே சிரிப்பு.

மதலைமுத்துகிட்ட மூணு தடவை போனேன். மூணு தடவையும் அவன் செஞ்சது ஒண்ணுதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை என்ஜின் மேல வெப்பான், பிடியைக் காதுல வெப்பான், கண்ணை மூடிக்குவான். ஒவ்வொரு வால்வா நகர்த்தி நகர்த்திக் கேப்பான். அப்புறம் கண்ணைத் திறந்து, “ஆறும் நல்லா இருக்கு மாமா”ம்பான்.

“நல்லா இருந்தா ஏன்டா சத்தம்?”

“நல்லா இருக்கறதாலதான் மாமா சத்தம்.”

எப்படி இருக்கு பாருங்க பதில்! அதோட விட்டானா? தரையில கரியால படம் போட்டுக் காட்டினான். உங்களுக்கும் சொல்றேன், எனக்கு அது மனப்பாடம். என்ஜினுக்குள்ள மூணு அறை. ஒவ்வொரு அறைக்கும் ரெண்டு கதவு. ஒண்ணு கேஸ் உள்ளே வர, இன்னொண்ணு எரிஞ்ச புகை வெளியே போக. அந்தக் கதவுக்குப் பேருதான் வால்வு. மேலேருந்து ஒரு இரும்புக் கை வந்து தட்டித் தட்டி அதைத் திறக்கும். கைக்கும் கதவுக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடைவெளி விடணும், டாப்பெட் சரி பண்றதுன்னா அதான். ரெண்டு சவர பிளேடை ஒண்ணா வெச்சா என்ன கனமோ அவ்வளவு. ஏன்னா சூடானா இரும்பு நீளும். இடம் விடலைன்னா அந்தக் கை கதவை எப்பவும் தள்ளிக்கிட்டே நிக்கும், கதவு முழுசா மூடாது. மூடாத இடுக்கு வழியா நெருப்பு பாயும், கதவோட ஓரம் கருகும். இடம் விட்டா, கை வந்து தட்டுறப்போ டிக்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் விஷயம்.

“கேஸ் வண்டிக்கு இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. கேஸு வறண்டு எரியும். கதவு வந்து உக்காருற இடம் சீக்கிரம் தேயும். தேயத் தேய கதவு மேல ஏறி வரும், இடைவெளி தானாக் குறையும். அதுக்குத்தான் அரை பிளேடு கூடுதலா விட்டிருக்கேன். சத்தம் கேக்குற வரைக்கும் நிம்மதியா ஓட்டுங்க. சத்தம் குறைஞ்சாத்தான் எங்கிட்ட ஓடி வரணும்.”

கேட்டீங்களா? எந்த ஊர்லயாவது மெக்கானிக் இப்படிச் சொல்லுவானா? சத்தம் வந்தா வான்னு சொல்லுவான். இவன் சத்தம் நின்னா வான்னு சொல்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சத்தத்தை நிறுத்தத் தெரியலை, அதுக்கு ஒரு கதை கட்டுறான்னுதானே தோணும்? சொல்லுங்க சார். யாருக்கா இருந்தாலும் அப்படித்தானே தோணும்?

சரி. இப்ப நம்ம தவில்காரரு வர்றாரு.

குஞ்சிதபாதம் ஐயான்னு தவில் வித்வான். எழுபது வயசு. திருவிழா, கல்யாணம்னு எங்க கச்சேரின்னாலும் என் வண்டிதான். ஒன்பது வருஷமா வேற வண்டியில கால் வெச்சதில்லை. முன் சீட்டுல அவரு, பின்னால நாயனக்காரரு, தவிலு, ஒத்து, தாளம் எல்லாம். சும்மா உக்காரவே மாட்டாரு. வண்டி கிளம்பினதும் தொடையில விரல் ஓட ஆரம்பிச்சுடும். அவருக்கு மட்டும் என் டிக்டிக் தொந்தரவாவே இல்லை. அதுக்கு மேல தட்டிக்கிட்டே வருவாரு. “தம்பி, உன் வண்டி நல்லாக் காலப்பிரமாணம் பிடிக்குது”ன்னு ஒரு நாள் சொன்னாரு. கேலி பண்றாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனி மாசம் ஒரு நாள், ஒட்டன்சத்திரம் போயிட்டு வர்றோம். ரயில்வே கேட்டுல வண்டி நிக்குது. அவரு விரலு சட்டுன்னு நின்னுபோச்சு. தலையைச் சாய்ச்சுக் கேக்குறாரு. கேட்டுட்டு, “வெயிலு, உன் வண்டியில ஒரு அடி காணோமே”ங்கறாரு.

“என்னங்கய்யா?”

“முன்னாடி சீரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒரு இடத்துல பள்ளம் விழுது. எண்ண முடியாது, அவ்வளவு நெருக்கம். ஆனா பள்ளம் தெரியுது. ஒருத்தன் வாசிக்காம உக்காந்திருக்கான்.”

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கென்ன தெரியும் பள்ளமும் மேடும்? எனக்குச் சத்தம் ஒரு இம்மி குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. மனசுக்குள்ள சந்தோஷம். ஒண்ணு ஒழிஞ்சது, மீதி அஞ்சுன்னு நினைச்சேன். அதே நேரம் ஆத்திரமும் வந்துச்சு. என் வண்டிச் சத்தம் வித்வான் வரைக்கும் பேச்சாப் போச்சே! இவரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாரே!

வீட்டுல வந்து சொன்னேன். என் சம்சாரம் சீனியம்மா அடுப்படியிலருந்தே சொல்றா, “அவரு சொன்னதை அப்படியே மதலை தம்பிகிட்ட போய்ச் சொல்லுங்களேன். அதுல என்னமோ கணக்கு இருக்கும்”னு. தவில்காரரு சொன்னதை மெக்கானிக்குகிட்ட எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு மெக்கானிக் சொன்னதை டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லவா? “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு”ன்னேன். சும்மா இருந்துட்டா. அவ எப்பவும் அப்படித்தான், ஒரு தடவை சொன்னாப் போதும், கேட்டுக்குவா.

மறுநாள் நேரா ஷெட்டுக்குப் போனேன். அங்க நாலு பேரு வண்டி விட்டுட்டு நிக்கிறாங்க. மதலைமுத்து ஒரு வண்டிக்கு அடியில படுத்திருக்கான். காலு மட்டும் வெளியே தெரியுது. அந்தக் காலைப் பார்த்துக் கத்தினேன். “இன்னைக்குச் சத்தத்தை நிறுத்துறியா இல்லையாடா?” ஊர்ந்து வெளியே வந்தான். மூஞ்சியெல்லாம் ஆயிலு. “மாமா, அந்த இடைவெளியைக் குறைச்சா வால்வு போயிடும். என் கையால அதைச் செய்யமாட்டேன்”னான். நாலு பேருக்கு முன்னால! “அப்ப உனக்குக் காது போச்சுடா”ன்னேன். திரும்பி அடியில போயிட்டான்.

வித்வான் சொன்னதைச் சொன்னேனான்னா கேக்குறீங்க? இல்லை. அதான் சொன்னேனே, அதை எதுக்குச் சொல்லணும்?

அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஸ்டாண்டு வாட்சப் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டேன். பெருசா ஒண்ணுமில்லை, ஒரு நிமிஷம் பத்து செகண்டு. ‘மதலைமுத்துவுக்குக் காது மந்தமாயிடுச்சு. சத்தமே கேக்கமாட்டேங்குது. காது கேக்காத மெக்கானிக்குகிட்ட வண்டியை விடுறவன் வண்டியை ஆத்துல விடலாம். யோசிச்சுக்குங்க’ன்னு. பேச்சு நல்லா வந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. சின்னழகு அதை ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி ஸ்டாண்டு, வேன் ஸ்டாண்டு மூணுக்கும் அனுப்பிட்டான். அவன் அனுப்பினதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அப்புறம் பைபாஸ்ல கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க்ஷாப்பு ஒண்ணு இருக்கு, அங்க போனேன். ஏசி ரூமு, காப்பி, சட்டையில பேரு குத்தின ஆளு. சத்தத்தைக் கேட்டான். “நிறுத்திடலாம் சார்.” ரெண்டே வார்த்தை. கரி இல்லை, படம் இல்லை. ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினான். ஒண்ணரை மணி நேரத்துல கூப்பிட்டான். சாவியைத் திருப்பினேன். வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலை சார்! பூனை மாதிரி. ஸ்டாண்டுக்கு வந்து, பானெட்டைத் தூக்கி, ஓடிக்கிட்டிருக்கற என்ஜின் மேல ஒரு ரூபாய்க் காசை நெட்டுக்குத்தா நிறுத்திக் காட்டினேன். சின்னழகு வாயைத் திறக்கலை. ஒரு மாசம் அந்தக் காசை சட்டைப் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

எதிர்த்தாப்புல ஷெட்டு ஆடியிலயே காத்தாடிக்கிட்டிருந்துச்சு. ஐப்பசியில ஷட்டரை இழுத்து விட்டுட்டான். வாடகை கட்ட முடியலையாம். தொழிலை ஒழுங்காப் பார்த்தா ஏன் கட்ட முடியலை? போறப்போ ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிட்டுப் போகலை சார். ரோட்டைத் தாண்டினா நான். கடப்பாரையும் பெஞ்சும் வண்டியில ஏத்துறான், நான் டீக்கடையிலருந்து பார்த்துக்கிட்டே நிக்கிறேன். திரும்பிக்கூடப் பாக்கலை. அவ்வளவு திமிரு.

வித்வான் மட்டும் ஒரு தடவை சொன்னாரு. “வெயிலு, வண்டி ஊமையாயிடுச்சேப்பா.” ஆமாங்கய்யா, நல்லாருக்கான்னு கேட்டேன். அவரு தொடையில கையை வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு.

தையில ஒரு முகூர்த்தம். விடிஞ்சதும் கிளம்பினோம். சித்தையன்கோட்டை தாண்டி ஒரு ஏத்தம். வண்டி இழுக்கமாட்டேங்குது. ஒரு குலுக்கு, ரெண்டு குலுக்கு. சைலன்சர்ல பட்டு பட்டுன்னு வெடிக்குது. பாதி ஏத்தத்துல நின்னுபோச்சு. பின்னால உருள ஆரம்பிச்சுது, நாயனக்காரரு குதிச்சுக் கல்லு வெச்சாரு. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கு. வித்வான் இறங்கி, அந்தத் தவிலைத் தோள்ல மாட்டிக்கிட்டு, ரோட்டோரமா நடக்குறாரு சார். எழுபது வயசு. பட்டு வேட்டி, வைரக் கடுக்கன். கை காட்டினா கார் எதுவும் நிக்கலை. கடைசியில முருங்கைக்காய் ஏத்தின ஒரு வேன்காரன் நின்னான். காய் மூட்டை மேல ஏறி உக்காந்து போனாங்க.

போய்ச் சேர்றதுக்குள்ள தாலி கட்டியாச்சு. கெட்டிமேளம் யாரோ செல்போன்ல போட்டாங்களாம். பொண்ணோட அப்பா வித்வானைப் பார்த்து, “நேரத்துக்கு வர முடியாதவங்களுக்கு எதுக்குத் தாம்பூலம்”னு கேட்டிருக்காரு. ஐம்பது வருஷமா அவரு ஒரு தாலிக்குப் பிந்தினதில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பைபாஸ்காரன்கிட்ட ஓடினேன். கழட்டிப் பார்த்தான். புகை போற வால்வு மூணுல ஒண்ணு, எலி கடிச்ச முறுக்கு மாதிரி ஓரம் அரிச்சுக் கிடக்கு. மத்த ரெண்டும் கருக ஆரம்பிச்சாச்சு. “டாப்பெட்டை டைட் பண்ணினா கேஸ் வண்டியில இப்படி ஆக வாய்ப்பிருக்கு சார், அன்னைக்கே எழுதி வாங்கியிருக்கோம்”னு என் கையெழுத்தை எனக்கே காட்டுறான்! நான் படிக்கவா செஞ்சேன்? காப்பி குடிச்சுக்கிட்டிருந்தேன். “புது என்ஜின் போட்டுக்குங்க, இதைத் திறந்து வேலை பாக்குற ஆள் இப்ப எங்க இருக்காங்க”ங்கறான்.

போன வாரம் வித்வான் வீட்டுக்குப் போய் நின்னேன். திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டலை. மோரு கொடுத்தாரு. பங்குனித் திருவிழா பத்து நாள் கச்சேரி இருக்கு. “வண்டி சரியாச்சுன்னா சொல்லு. ஆனா ஒண்ணு, பழைய சத்தத்தோட வந்தா ஏறுறேன். இல்லைன்னா நாயனக்காரரு மருமகன் காரு இருக்கு”ன்னாரு. ஒன்பது வருஷ வாடிக்கை. அவரை விட்டா எனக்கு மாசத்துல பாதி நாள் ஸ்டாண்டுல ஈ ஓட்டுற வேலைதான்.

பழைய சத்தம் யாருகிட்ட இருக்கு? அவன்கிட்டத்தானே இருக்கு?

அதான் இன்னைக்குக் காலையில இந்த ஹெட்டைச் சாக்குல கட்டிக்கிட்டு நத்தம் வந்தேன். வர்ற வழியெல்லாம் தயார் பண்ணிக்கிட்டே வந்தேன். அவன் கத்துவான், நானும் கத்துவேன். ‘நான் சொன்னேனா இல்லையா மாமா’ம்பான். ‘சொன்னா? ஒழுங்காப் புரியற மாதிரி சொல்லணும்டா’ம்பேன். நாலு வார்த்தை அவன், நாலு வார்த்தை நான். அப்புறம் டீ குடிப்போம். இதானே முறை?

அவன் பெஞ்சுலருந்து எழுந்திருக்கறான். துணியில கையைத் துடைக்கிறான். “வாங்க சார். என்ன வேலை சார்?”

சாக்கைப் பிரிச்சுக் காட்டினேன். அந்த முறுக்கு வால்வை எடுத்துப் பார்த்தான். வெளிச்சத்துல திருப்பினான். சரி, இப்ப ஆரம்பிப்பான்னு நிக்கிறேன். “மூணு புது வால்வு வாங்கணும் சார். வால்வு உக்காருற சீட்டைக் கடைசல் பட்டறையில கொடுத்து வெட்டணும். மத்தியானத்துக்கு மேல ஆகும், உக்காருங்க.” அவ்வளவுதான்!

எட்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் சார். சீட்டு வெட்டிக்கிட்டு வந்தான். தேய்க்கிற பசையைத் தடவி, வால்வை ஒரு குச்சியில ஒட்டி, ரெண்டு உள்ளங்கையிலயும் வெச்சுத் தயிர் கடையுற மாதிரி இப்படியும் அப்படியும் உருட்டுறான். தூக்கிப் பாக்குறான், துடைக்கிறான், மறுபடி உருட்டுறான். ஒவ்வொரு வால்வுக்கும் அரை மணி நேரம். அப்புறம் மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சுட்டு, கசியுதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்கான். அதான் இந்த வாடை. ஒரு வார்த்தை பேசலை. முன்னெல்லாம் கை வேலை செய்யுறப்போ வாய் நிக்காது அவனுக்கு. சர்ச் கதை, சம்சாரம் கதை, ஊர்க் கதை. இன்னைக்கு அந்தக் குச்சி உருளுற சத்தம்தான். ஏழு மணி நேரம் ஒரு மனுஷன் பேசாம இருந்தா எதிர்ல இருக்கறவன் என்ன ஆவான்? அதை யோசிக்க வேண்டாமா?

மத்தியானம் சாப்பாடு. முன்னெல்லாம் தூக்குவாளி மூடியில எனக்குப் பாதியைப் போட்டு நீட்டுவான். மீன்குழம்புன்னா மூடி எனக்கு, வாளி அவனுக்கு. இன்னைக்கு ஆள் அனுப்பி எனக்கு ஓட்டல் பார்சல் வாங்கியாந்தான். தனி ஸ்டூல்ல வெச்சான். தண்ணி பாட்டிலும் வெச்சான். “சாப்பிடுங்க சார்.”

என்னாலயே தாங்க முடியலை. நானாப் பேச்சை எடுத்தேன். வித்வான் கதையைச் சொன்னேன். முருங்கைக்காய் வேனைச் சொன்னேன். சிரிக்கலை. “அந்த மனுஷனுக்குக் காது பாரு மதலை, ஆனியிலயே சொன்னாரு. ஒரு அடி காணோம், ஒரு இடத்துல பள்ளம் விழுதுன்னு. நான்தான் சத்தம் குறையுதுன்னு நினைச்சேன்”னு சொன்னேன்.

குச்சி நின்னுபோச்சு.

“ஆனியிலயா?”

“ஆமா.”

“நீங்க ஷெட்டுக்கு வந்தீங்களே, அதுக்கு முன்னாலயா?”

“அதுக்கு முந்தின நாள்.”

என்னையே பார்த்தான். இன்னைக்கு முழுக்க அவன் என்னை நேராப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா, கால் மணி நேர வேலை”ன்னான். அப்புறம் குனிஞ்சு உருட்ட ஆரம்பிச்சுட்டான். கால் மணி நேர வேலைன்னா எந்த வேலையைச் சொல்றான்? வால்வுக்கா? அதுக்குத்தான் இருக்கும்.

கடைசியா ரெண்டு மெல்லிசுத் தகடை நுழைச்சு நுழைச்சு இடைவெளியை வெச்சான். “மாட்டினதுக்கு அப்புறம் என்ஜின் நல்லாக் குளிர்ந்ததும் ஒரு தடவை பாக்கணும் சார்”னான். “நீயே வந்து பாரேன், ஷெட்டு இல்லைன்னா என்ன, ஸ்டாண்டுலயே வெச்சுப் பாரு, நம்ம பசங்க எல்லாம் இருக்கானுக”ன்னேன். “யாரையாச்சும் விட்டுப் பாருங்க சார், எல்லாருக்கும் தெரியும்”னான். எல்லாருக்கும் தெரியுமாம்! தெரிஞ்சா நான் ஏன்டா நத்தத்துக்கு வர்றேன்? சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளு ஒரு தண்ணி மோட்டாரைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். “வாங்க சார், என்ன வேலை சார்?” அதே குரல் சார். எனக்குச் சொன்ன அதே குரல்லதான் அவனுக்கும்.

என்ன சொல்றீங்க? மறுபடி ஒரு வாய்ஸா? போட்டா?

நான் எதுக்குப் போடணும்? அவன் கேக்கலையே. கேட்டிருந்தான்னா அங்கேயே போட்டிருப்பேன். போனை எடுத்து, ‘ஸ்டாண்டுல உன்னைப் பத்தி நல்லபடியா ஒண்ணு சொல்லட்டுமாடா’ன்னு நானே கேட்டேன், கேக்காம இல்லை. “உங்க இஷ்டம் சார்”ங்கறான். பிடிச்சு உலுக்கணும்போல இருந்துச்சு. போடு மாமான்னு சொல்லேன்டா! போடாதேன்னாவது சொல்லேன்!

பழசை அழிச்சுடலாம்னுதான் பார்த்தேன். அதுக்கு நேரம் தாண்டிப்போச்சாம், இனிமே எல்லாருக்கும் அழியாதாம்.

சரி, நீங்க சொல்றீங்க. போடுறேன். இந்த பஸ் சத்தத்துல கேக்குமா? ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க.

‘ஸ்டாண்டுத் தோழர்களுக்கு வணக்கம். வெயிலுகந்தான் பேசுறேன். போன வருஷம் நான் ஒரு வாய்ஸ் போட்டேன். அன்னைக்கு நான் இருந்த கோபத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பாங்க. தினமும் தையல் மிஷின் தையல் மிஷின்னு என்னை…’

அழிச்சுட்டேன். கோபம் வருது. ஏன், அப்படிப் பார்க்குறீங்க? சரி சரி. சின்னதாச் சொல்றேன்.

‘வெயிலுகந்தான் பேசுறேன். மதலைமுத்துவுக்குக் காது போச்சுன்னு போன வருஷம் சொன்னேன். அது தப்பு. அவன் காது நல்ல காது. அவன் சொன்ன மாதிரிதான் ஆச்சு. வண்டியை அவன்கிட்டக் கொடுங்க. அவ்வளவுதான்.’

போயிடுச்சு. பதினஞ்சு செகண்டு. அன்னைக்கு ஒரு நிமிஷம் பத்து செகண்டு பேசினேன், இன்னைக்குப் பதினஞ்சுக்கு மூச்சு வாங்குது.

பாருங்க, வந்துடுச்சு பதிலு. சின்னழகுதான். கட்டை விரலு. கேட்டிருக்கவே மாட்டான், அனுப்பின மறு செகண்டே விரலு. இன்னொருத்தன் ‘சூப்பர்ணே’ங்கறான். இவனும் கேக்கலை. இது யாரு… பொங்கலுக்கு அப்புறம் சேர்ந்த பையன், மஞ்ச நம்பர் பலகை வண்டிக்காரன். எழுதியிருக்கான். கண்ணாடி எடுத்துட்டு வரலை, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்.

‘யாருண்ணே மதலைமுத்து?’ன்னா?

யாருன்னு கேக்குறானா? நல்லாப் பாருங்க சார், அப்படியா எழுதியிருக்கு?

பதினாலு வருஷம் எதிர்த்தாப்புல இருந்தவன் சார். ஸ்டாண்டுல ஓடுற பாதி வண்டியை அவன்தான் தொட்டிருக்கான். யாருங்கறான். இருங்க, இவனுக்கு ஒரு பதிலு… என்னன்னு சொல்றது? மெக்கானிக்டான்னு சொன்னா, எந்த ஷெட்டுண்ணேன்னு கேப்பான். எதிர்த்தாப்புலதான்டான்னு கை காட்டுவேன். அவன் திரும்பிப் பாப்பான். அங்க இப்ப செல்போன் கவர் விக்கிறாங்க சார்.